மூணு கால், ஒரு நொடி: ஆன்சல் ஆடம்ஸ் கதை

நிலாவை போட்டோ எடுக்கப் போய், ஆடிப்போன வெள்ளைப் புள்ளி மட்டும் கிடைச்ச அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படின்னா இந்த மனிதரை நீங்க தெரிஞ்சுக்கணும்.

ஆன்சல் ஆடம்ஸ் 1902-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். 1906 நிலநடுக்கத்துக்குப் பின் வந்த அதிர்வில் கீழே விழுந்து மூக்கு உடைந்தது; கடைசி வரை அது கோணலாவே இருந்தது. 14 வயசில் யோசெமிட்டி மலைக்குச் சுற்றுலா போனப்போ, பெற்றோர் ஒரு கோடாக் பிரவுனி கேமரா வாங்கிக் கொடுத்தாங்க. பியானோ கலைஞராகணும்னு பல வருஷம் பயிற்சி எடுத்தவர், கடைசியில் கேமரா பக்கமே வந்துட்டார்.

1932-ல் நண்பர்களோடு சேர்ந்து எஃப்/64 என்ற குழுவைத் தொடங்கினார். பெயரிலேயே கொள்கை இருக்கு. அப்பர்ச்சரைச் சின்னதாக்கினா, காலடியில் இருக்கும் கல்லும் தூரத்து மலையும் ஒரே படத்தில் தெளிவா வரும். ஆனா வெளிச்சம் குறையும். ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கணும். அவ்வளவு நேரம் யார் கையும் ஆடாம நிக்காது. அதனாலதான் டிரைபாட்.

1941 நவம்பர் 1, நியூ மெக்சிகோ. சரியான படம் எதுவும் அமையாத நாள். காரில் திரும்பும் வழியில் எர்னாண்டஸ் என்ற சின்ன ஊர். கிழக்கே நிலா, கல்லறைச் சிலுவைகள் மேல் அந்திவெயில். வண்டியை நிறுத்தி, டிரைபாடில் பெரிய கேமராவை ஏற்றினார். லைட் மீட்டரைத் தேடினா காணோம்! நிலாவின் ஒளி அளவு அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனசுலேயே கணக்குப் போட்டார். எஃப்/8-ல் 1/60 நொடி. ஃபில்டருக்காக மூணு மடங்கு, 1/20. எஃப்/32-க்கு இன்னும் 16 மடங்கு. கிட்டத்தட்ட ஒரு நொடி!

ஒரு படம் எடுத்தார். இரண்டாவதுக்குத் தயாராகும் முன்னே சிலுவைகள் மேலிருந்த வெயில் போயிடுச்சு. அந்த ஒரே நெகட்டிவ்தான் உலகப் புகழ்பெற்ற 'மூன்ரைஸ்'.

அந்த ஒரு நொடி கேமரா ஆடியிருந்தா? டிரைபாடை விரிக்கத் தாமதமாகியிருந்தா? இந்த ரெண்டு கேள்வியையும் கடையில் மனசில் வச்சுக்கோங்க. கேமரா, லென்ஸ் சேர்ந்த எடையை விடக் கணிசமா அதிகம் தாங்குதான்னு பாருங்க. நடுத்தண்டை உயர்த்தாமலே கண் உயரத்துக்கு வரணும். தண்டு ஏற ஏற ஆட்டம் கூடும். காலில் மடிப்புகள் குறைவா இருந்தா உறுதி அதிகம், விரிப்பதும் சீக்கிரம். ஆனா மடக்கினா நீளமா இருக்கும். முக்கியமா, நீங்க தினமும் தூக்கிட்டுப் போகும் எடையா இருக்கணும். ஹாஸ்டல் அறையில் தூங்கும் டிரைபாட் எவ்வளவு உறுதியா இருந்து என்ன பயன்? படம் எடுக்கும்போது இரண்டு நொடி டைமர் போடுங்க. பட்டனைத் தொடும் ஆட்டமும் போயிடும்.

ஆடம்ஸ் 1984-ல் மறைந்தார். மறு வருஷமே யோசெமிட்டியில் ஒரு சிகரத்துக்கு அவர் பெயரை வச்சாங்க. அடுத்த பௌர்ணமிக்கு மொட்டை மாடிக்குப் போறீங்களா? சூரியன் மறையறதுக்கு முன்னாடியே டிரைபாடை விரிச்சு வச்சிடுங்க.