தாய்சேய் நலம் காத்த மேரி புன்னன் லூக்கோஸ்

நுழையுமுன்

ஓர் உயிர் இவ்வுலகிற்கு வரும் நேரம் இரண்டு உயிர்களுக்குச் சோதனையான நேரம். நூறாண்டுகளுக்கு முன்பு அச்சோதனையில் தோற்ற தாய்மாரும் சேய்களும் பலர். அந்நிலையை மாற்ற உழைத்த ஒரு பெண்மணியின் வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

மாணவர்களே!

திருவனந்தபுரத்தில் தைக்காடு என்னும் பகுதியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை ஒன்று உள்ளது. உங்களுள் சிலர் அங்கே பிறந்தவராகவும் இருக்கலாம். இன்று மகப்பேறு என்றால் மருத்துவமனை என்பது நமக்கு இயல்பாகிவிட்டது. ஆயின், அவ்வியல்பு தானே வந்ததன்று. அதன் பின்னே ஒருவருடைய அறிவும் பொறுமையும் துணிவும் இருந்தன. அவரே மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ்.

இளமையும் கல்வியும்

கோட்டயத்தை அடுத்த அய்மனம் என்னும் சிற்றூரில் 1886 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள் மேரி பிறந்தார். அவருடைய தந்தையார் புன்னன், திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி. அரண்மனை மருத்துவராகவும் விளங்கியவர். திருவனந்தபுரத்திலுள்ள ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்ட் பள்ளியில் மேரி பயின்றார்.

தந்தையைப் போலத் தாமும் மருத்துவராக வேண்டும் என்பது அவரது விருப்பம். அதற்கு அறிவியல் கற்க வேண்டும். மகாராஜா கல்லூரியோ, பெண் என்ற காரணத்தால் அவருக்கு அறிவியற்பாடத்தில் இடம் தர மறுத்தது. மேரி மனம் தளரவில்லை. கிடைத்த வரலாற்றுப் பாடத்தையே எடுத்துப் படித்தார். கல்லூரி முழுவதிலும் அவர் ஒருவரே மாணவி. 1909 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். ஒரு கதவு அடைபட்டதே என்று அவர் திரும்பிவிடவில்லை. கடல் கடந்து இலண்டனுக்குச் சென்று, தம் மண்ணில் மறுக்கப்பட்ட கல்வியை அங்கே பெற்றார்.

இலண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றபின், அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள புகழ்மிக்க ரோட்டண்டா மருத்துவமனையில் மகப்பேற்று மருத்துவமும், இலண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தை மருத்துவமும் பயின்றார். தாயையும் சேயையும் ஒருங்கே காக்கும் கல்வி அவருக்கு இவ்வாறு வாய்த்தது.

தைக்காட்டில் தொடங்கிய தொண்டு

1916 இல் தாயகம் திரும்பிய மேரி, தைக்காட்டுப் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் மகப்பேற்று மருத்துவராகவும் கண்காணிப்பாளராகவும் பொறுப்பேற்றார். மறு ஆண்டில் வழக்கறிஞர் லூக்கோஸ் என்பாரை மணந்தார். அவர் பின்னாளில் திருவிதாங்கூர் உயர்நீதிமன்ற நீதிபதியானார்.

அக்காலத்தில் மக்கள் மருத்துவமனையை நாட அஞ்சினர். மகப்பேறு வீட்டிலேயே நிகழ வேண்டும் என்பது வழக்கம். வழிவழியாக அத்தொழிலைச் செய்துவந்த மருத்துவச்சியரே துணை. அவர்களிடம் கைப்பழக்கம் இருந்தது, அன்பும் இருந்தது. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளைப் பற்றிய அறிவு அவர்களுக்குக் கிட்டவில்லை. கழுவாத கைகளால் தாய்க்குப் பேறுகாலக் காய்ச்சல் வரும். தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுத்தால், பச்சிளங்குழந்தையை இசிவுநோய் தாக்கும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல், கருவிகளைக் கொதிநீரில் இடுதல், பிறந்த குழந்தையைத் துடைத்து வெதுவெதுப்பாகப் போர்த்துதல், விரைவில் தாய்ப்பால் ஊட்டுதல் ஆகிய எளிய செயல்களே பல உயிர்களைக் காக்க வல்லவை.

புதிய மருத்துவமனை வளர்ந்தால் மருத்துவச்சியரின் பிழைப்பு என்னாவது? அவர்கள் அதனை எதிர்த்தால் மக்கள் எவ்வாறு வருவர்? இச்சிக்கலுக்கு மேரி கண்ட தீர்வு அறிவார்ந்தது. அவர் மருத்துவச்சியரைப் பழித்து ஒதுக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கே மருத்துவமனையில் மகப்பேற்றுச் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். பகையாகக்கூடியவர் துணையாயினர். பழைய தொழில் புதிய அறிவைப் பெற்றது.

மேலும், தம் முதற்குழந்தையை மேரி அதே மருத்துவமனையில் பெற்றெடுத்தார் என்பர். அரண்மனை மருத்துவரின் மகள், நாடறிந்த மருத்துவர் தாமே அங்குப் பிள்ளை பெற்றார் என்றால், பிறர் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? நூறு அறிவுரைகள் செய்யாததை ஒரு செயல் செய்துவிடும் அன்றோ?

1920 இல் கேரள மண்ணின் முதல் அறுவை மகப்பேற்றை மேரி செய்தார். இயல்பாகப் பிள்ளை பிறக்க இயலாத நிலையில் தாயையும் சேயையும் காக்கும் வழி அதனால் திறந்தது.

நாடு தழுவிய பணி

1922 இல் மேரி திருவிதாங்கூர் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டு, அதன் முதல் பெண் உறுப்பினரானார். 1938 இல் சர்ஜன் ஜெனரல் என்னும் தலைமை மருத்துவ அலுவலர் பதவி அவரை நாடி வந்தது. இந்தியாவில் அப்பதவியை வகித்த முதல் பெண்மணி அவரே. அமெரிக்க நாட்டில் அப்பெயருடைய பதவிக்கு ஒரு பெண் வந்தது 1990 இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். 32 அரசு மருத்துவமனைகளும் 40 அரசு மருந்தகங்களும் 20 தனியார் நிலையங்களும் அவரது பொறுப்பில் இருந்தன. அறிவியல் படிக்க இடம் மறுக்கப்பட்ட அதே நகரிலிருந்து ஒரு நாட்டின் மருத்துவத்துறை முழுவதையும் அவர் நடத்தினார்.

அன்றைய திருவிதாங்கூரில் தமிழர் வாழ்ந்த தென்பகுதிகளும் அடங்கியிருந்தன. நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனையை நிறுவியவரும் மேரியே. ஆசாரிப்பள்ளத்திலுள்ள அவ்விடத்தில் இன்று கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மலையாளம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அவருக்கு ஒன்றே. நோயுற்றவர் என்னும் ஒரு சாதியையே அவர் அறிந்திருந்தார்.

நிறைவு

திருவிதாங்கூர் மன்னர் அவருக்கு வைத்தியசாஸ்திரகுசலை என்னும் பட்டம் அளித்தார். இந்திய அரசு 1975 இல் பத்மசிறீ விருது வழங்கியது. இத்தனை புகழுக்கிடையே துயரமும் அவரைத் தொடர்ந்தது. கணவரையும் மகளையும் மகனையும் தம் வாழ்நாளிலேயே அவர் இழந்தார். எண்ணற்ற அன்னையரின் மடியில் குழந்தைகளைத் தந்த கைகள், தம் பிள்ளைகளை வழியனுப்பவும் நேர்ந்தது. 1976 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள், தமது 90 ஆம் வயதில் அவர் மறைந்தார்.

தைக்காட்டுச் சாலை வழியே நீங்கள் செல்லும்போது, மருத்துவமனை வாயிலில் துணியில் பொதிந்த குழந்தையுடன் யாரேனும் ஒரு தாய் வெளிவருவதைக் காணலாம். அக்காட்சியே மேரி புன்னன் லூக்கோஸுக்கு உரிய நினைவுச்சின்னம்.

சொற்பொருள்

சேய் – குழந்தை
மகப்பேறு – பிள்ளை பெறுதல்
மருத்துவச்சி – பேறுகாலம் பார்ப்பவள்
இசிவுநோய் – தசைகளை விறைக்கச் செய்யும் கொடிய நோய்
வழிவழியாக – பரம்பரையாக

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: இவ்வுலகு, அறிவியற்பாடம், பச்சிளங்குழந்தை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக
1. மேரி வரலாற்றுப் பாடத்தை எடுத்துப் படித்தது ஏன்?
2. பேறுகாலத்தில் தாயையும் சேயையும் காக்கும் எளிய செயல்கள் யாவை?

இ. சிந்தித்து எழுதுக
மருத்துவச்சியரை ஒதுக்காமல் அவர்தம் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்ததனால் விளைந்த நன்மைகள் யாவை?

ஈ. செயல்திட்டம்
உங்கள் பாட்டியிடம் அவர் பிறந்த இடத்தையும், அப்போது துணைநின்றவர் யார் என்பதையும் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.