ஜப்பானில் உயிர்நீத்த வசாய்க்காரர்

தாதரில் விரார் ரெயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வசாய் ரோடு வந்துவிடும். அங்கிருந்து பஸ்சில் போனால் கடலோரத்தில் ஒரு பழைய கோட்டை. 1534-ம் ஆண்டு முதல் 1739-ம் ஆண்டு வரை போர்ச்சுக்கீசியர் கையில் இருந்தது. பிறகு மராட்டியர் பிடித்தனர். இன்று உள்ளே இருப்பவை மரங்களும் இடிந்த தேவாலயங்களும்தான்.

இந்தக் கோட்டையில் படித்த ஒரு சிறுவன் பிற்காலத்தில் ஜப்பானில் சிலுவையில் உயிர்விட்டார். இந்தியாவில் பிறந்து புனிதர் பட்டம் பெற்றவர்களில் முதல்வர் என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் பெயர் கொன்சாலோ கார்சியா.

கலப்புப் பிறப்பு

கொன்சாலோ 1556-ம் ஆண்டு வாக்கில் பிறந்தார். தந்தை போர்ச்சுக்கீசியர். தாய் வசாய்ப் பகுதிப் பெண்.

அந்தக் காலத்தில் இப்படிப் பிறந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் முழு மரியாதை இல்லை. வெள்ளையர் தங்களில் ஒருவராகச் சேர்க்கமாட்டார்கள். ஊர்க்காரர்களும் அன்னியராகவே பார்ப்பார்கள். மும்பையில் மதராசி என்றும், சொந்த ஊருக்குப் போனால் பம்பாய்க்காரன் என்றும் பெயர் வாங்கிய நமக்கு அந்த நிலை புரியாதது அல்ல.

கோட்டையில் இருந்த இயேசு சபைக் குருக்களிடம் கொன்சாலோ படித்தார். 15, 16 வயதில் அவர்களுடன் கப்பல் ஏறி ஜப்பான் போனார். நம் முத்துக்குளித்துறை மக்கள் நன்கு அறிந்த சவேரியார்தான் 1549-ம் ஆண்டு அந்த நாட்டில் கிறிஸ்தவ மதத்தைத் தொடங்கி வைத்தவர்.

மூடிய கதவு

ஜப்பானிய மொழியை வேகமாகக் கற்றுக்கொண்டார். சபைக் குருக்களுக்கு உதவியாளராக, வேதபோதகராகச் சுமார் 8 ஆண்டுகள் உழைத்தார். அவருடைய ஆசை ஒன்றே ஒன்று. இயேசு சபையில் தானும் ஒரு உறுப்பினராக வேண்டும். பல முறை கேட்டார். அந்த இடம் கிடைக்கவில்லை. கலப்பில் பிறந்தவர் என்பதே காரணம் என்று பின்னாளில் வரலாறு எழுதியவர்கள் கருதுகிறார்கள்.

வேலைக்கு வேண்டும், வீட்டுக்குள் வேண்டாம் என்ற கதைதான்.

மனம் உடைந்து அவர் சபையை விட்டு வந்தார். ஆனால் முடங்கிக் கிடக்கவில்லை. வியாபாரத்தில் இறங்கினார். நன்றாகச் சம்பாதித்தார். அதோடு நின்றிருந்தால் ஒரு பணக்கார வியாபாரியாக வாழ்ந்து மறைந்திருப்பார். யாருக்கும் பெயர் தெரிந்திருக்காது.

பழைய ஆசை விடவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகருக்குப் போனார். அங்கே பிரான்சிஸ்கன் சபையினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். குருப்பட்டம் இல்லை. சாதாரண சகோதரர். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மொழி தந்த பதவி

1593-ம் ஆண்டு பிலிப்பைன்சை ஆண்ட ஸ்பானிய கவர்னர் ஜப்பானுக்குத் தூதுக்குழு அனுப்பினார். தலைவர் பேதுரு பவுதிஸ்தா என்ற குரு. ஜப்பானின் அதிபதி ஹிதேயோஷி. அவர் முன் போய்ப் பேச ஜப்பானிய மொழி தெரிந்தவர் வேண்டுமே? கொன்சாலோ மொழிபெயர்ப்பாளராகப் போனார்.

நாலு மொழி பேசுகிறவர்கள் நிறைந்த ஆபீசில் மூன்று மொழி தெரிந்த கிளார்க்கை எல்லோரும் தேடி வருவார்கள். அதிகாரி பேசுவதும் அவர் வாய்வழியாகத்தான். ஒரு வார்த்தை பிசகினால் காரியம் கெடும். கொன்சாலோ நின்ற இடத்தில், ஒரு வார்த்தை பிசகினால் தலையே போகும்.

பேச்சுவார்த்தை நல்லபடியாக நடந்தது. கியோட்டோ நகரில் தங்க இடம் கிடைத்தது. குழுவினர் ஆலயமும் தொழுநோயாளிகளுக்கு மருத்துவமனையும் அமைத்தனர்.

கரை ஒதுங்கிய கப்பல்

1596-ம் ஆண்டு அக்டோபரில் சான் பெலிப்பே என்ற ஸ்பானியக் கப்பல் புயலில் சிக்கி ஜப்பான் கரையில் தட்டியது. சரக்கு முழுவதையும் ஹிதேயோஷியின் ஆட்கள் பறிமுதல் செய்தனர். முதலில் குருக்கள் வருவார்கள், பின்னால் படை வரும் என்ற சந்தேகம் ஹிதேயோஷிக்கு வலுத்தது. கைது உத்தரவு பிறந்தது.

1597-ம் ஆண்டு ஜனவரியில் கைதிகளின் இடது காதில் ஒரு பகுதியை வெட்டினார்கள். ஊர் ஊராகக் காட்டி, கடுங்குளிரில் ஏறக்குறைய ஒரு மாதம் நாகசாகி வரை கொண்டு போனார்கள். 24 பேராகக் கிளம்பியவர்களுடன் வழியில் இருவர் சேர்ந்து 26 பேர் ஆனார்கள். அதில் 12 வயதுச் சிறுவனும் உண்டு.

பிப்ரவரி 5-ந் தேதி கடலைப் பார்த்த ஒரு குன்றில் 26 சிலுவைகள் வரிசையாக நின்றன. அவர்களைச் சிலுவையில் பிணைத்து ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். முதலில் ஏற்றப்பட்டவர் கொன்சாலோ என்று சொல்கிறார்கள். அப்போது வயது 40 இருக்கும்.

இறந்தவர்களில் பிரான்சிஸ்கன் சபையினர் 6 பேர். ஜப்பானியரான இயேசு சபையினர் 3 பேர். மற்ற 17 பேர் பொதுமக்கள். வாழ்ந்தபோது எந்தச் சபையில் கொன்சாலோவுக்கு இடம் கிடைக்கவில்லையோ, அந்தச் சபையாரும் அவரும் கடைசியில் ஒரே வரிசையில் நின்றார்கள். 1862-ம் ஆண்டு போப்பாண்டவர் 9-ம் பத்திநாதர் 26 பேருக்கும் ஒரே நாளில் புனிதர் பட்டம் கொடுத்தார்.

இன்று வசாயில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயர். எந்தப் பிறப்பைச் சொல்லி அவரை ஒதுக்கினார்களோ, அந்தப் பிறப்பால்தான் வசாய் மக்கள் அவரை எங்கள் ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடுகிறார்கள்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போய் வரலாம். இரண்டு மூன்று மொழி பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த வசாய்க்காரர் கதையை அங்கே வைத்துச் சொல்லலாம்.