வழக்குமன்றம் ஏறிய அருட்பா

மாந்தர் தம்முள் பகைத்துக்கொள்வதற்குச் சமயமே காரணம் என்பார் உளர். சமயத்தின்மேல் பழியில்லை, அதனைக் கையாளுவோர் மேலதே பழி என்பாரும் உளர். இவ்விரு கூற்றையும் உரைத்துப் பார்ப்பதற்கு நாம் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. நம் மண்ணில் வாழ்ந்த கவிஞர் ஒருவரின் வாழ்க்கையே உரைகல்லாகும். அவர் வடலூர் இராமலிங்க அடிகள். பத்தாம் ஆண்டு மலரில் அவரை நினைப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. அவரைச் சூழ்ந்தெழுந்த பெரும்பூசல் ஒரு கவிதைத் தொகுதிக்கு இட்ட பெயரைப் பற்றியது.

அடிகள் 1823ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகத் தோன்றினார். மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்தார். பள்ளிக் கல்வியில் மனம் செல்லாத இளைஞர், கந்தகோட்டத்து முருகன் திருமுன் நின்று தெய்வமணிமாலை பாடினார். பின்னர்த் திருவொற்றியூர் இறைவனைப் பல்லாண்டு பாடினார். ஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்ட அழுத்தமான சைவர் அவர். திருநீறு அணியாதாரைக் கண்டால் ஒதுங்கிச் செல்லுமாறு தம் நெஞ்சுக்கு அறிவுறுத்தும் பாடல்களும் அக்காலத்தில் அவர் வாயினின்று பிறந்தன. பின்னாளைய சமரசம் கருவிலே வாய்த்த திருவன்று. அடிகள் தேடி நடந்து சென்று அடைந்த இடம் அது. இதனை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் அவருக்குச் சிறப்பாகாது.

சென்னையை விட்டு நீங்கித் தில்லையை நாடிய அடிகள், கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். பார்வதிபுரத்து மக்கள் அளித்த நிலத்தில் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்து வருவோரிடம் ஊரும் சாதியும் சமயமும் வினவாமல் சோறிடுவதே அதன் நெறி. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகின்றது.

அதே 1867இல் அவருடைய பாடல்கள் அச்சேறின. அடிகளுக்கு அதில் விருப்பமில்லை; இறுக்கம் இரத்தின முதலியார் முதலிய அன்பர்கள் விடாது வேண்டியதால் இசைந்தார். முதல் மாணாக்கராகிய தொழுவூர் வேலாயுத முதலியார் நூலைப் பகுத்துத் திருமுறைகள் ஆக்கித் திருவருட்பா எனப் பெயரிட்டார். ஆசிரியருக்குத் திருவருட்பிரகாச வள்ளலார் என்னும் பட்டமும் சூட்டினார். அப்பட்டத்தை அடிகள் விரும்பவில்லை. சிதம்பரம் இராமலிங்கம் என்று கையெழுத்திடுவதே அவர் வழக்கம்.

பெயரே பூசலுக்கு வித்தாயிற்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கொதித்தெழுந்தார். தேவாரமும் திருவாசகமும் போன்ற அருளாளர் வாக்கிற்கே உரிய பெயரை வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர் பாட்டுக்கு இடுவது தகாது என்பது அவர் துணிபு. அருட்பாவன்று, மருட்பா என்னும் முழக்கம் எழுந்தது. கண்டன நூல்கள் பறந்தன. 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தையும் எட்டியது.

நாவலரைக் கொடியவராகக் காட்டி இக்கதையை முடித்துவிடுதல் எளிது, முறையன்று. வண்ணார்பண்ணையிலும் சிதம்பரத்திலும் சைவப் பள்ளிகள் கண்டவர் அவர். ஏட்டிலிருந்த நூல்களைப் பிழைநீக்கி அச்சேற்றியவர். கிறித்தவ மறைப்பணியாளரின் தாக்குதலுக்கிடையே சைவத்துக்கு வேலி கட்டுவதே தம் கடன் என வாழ்ந்தவர். எதிரிக்காகக் கட்டிய வேலி உடன்பிறந்தார் மேலும் முள்ளாய்த் தைத்தது. இருவருக்கும் இறைவன் ஒருவனே, மொழி ஒன்றே, நீறும் ஒன்றே. வேற்றுச் சமயம் இருந்தால்தான் சண்டை வரும் என்பார்க்கு இவ்வழக்கே விடை.

அடிகளோ மேலும் நடந்தார். 1870இல் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் தங்கினார். 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் வடலூரில் சத்திய ஞானசபை திறக்கப்பெற்றது. அங்கே உருவச்சிலை இல்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளியே வழிபடு பொருள். அவ்வாண்டிலேயே சங்கத்தின் பெயரிலிருந்த வேதம் என்னும் சொல் நீங்கிச் சுத்தம் என்னும் சொல் புகுந்தது. 1873 அக்டோபரில் கொடியேற்றிப் பேசியபோது, வேதாகமங்களிலும் சமயங்களிலும் கருத்தை வைக்க வேண்டா என்று வற்புறுத்தினார். தாமும் முன்பு சைவத்தில் அளவிறந்த பற்று வைத்திருந்ததையும், அதனை இப்போது விட்டுவிட்டதையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். பின்னர் அவரை எவரும் காணவில்லை.

அவர் மறைந்தும் பூசல் மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை ஒருபுறமும் மறைமலையடிகள் மறுபுறமும் நின்று வாதிட்டனர். அருட்பாவே என்று மேடைதோறும் முழங்கியவருள் முதல்வராய் விளங்கியவர் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர். சைவர் இருவர் பிணக்கில் ஓர் இசுலாமியப் புலவர் கவிதையின் பக்கம் நின்றார். தம் சமயத்தை அவர் விட்டுவிட்டு வரவுமில்லை, அதனை ஒரு தடையாகக் கருதவுமில்லை. கதிரைவேற்பிள்ளையின் மாணவராய் மறுதரப்பில் நின்ற திரு.வி.க., பின்னாளில் இராமலிங்கரின் திருவுள்ளத்தைப் போற்றி நூலே எழுதினார்.

அடிகளின் அடியார்களும் வேலிகட்டத் தவறவில்லை. உருவமற்ற ஞானசபைக்குள் காலப்போக்கில் இலிங்க வழிபாடு புகுந்தது. அது கூடாதென 2006இல் அறநிலையத்துறை ஆணையிட, 2010இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. சமயம் கடந்தவரின் சபையும் வழக்குமன்றப் படியேறியது. ஞானசபையின் உள்ளே புலால் மறுத்தவரே புகலாம் என்று அடிகளே ஓர் எல்லை வகுத்திருந்தார் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆனால் அந்த எல்லை பசிக்கு முன் நிற்கவில்லை. புலால் உண்பவரும் பசித்து வந்தால் அவருக்குச் சோறிட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

எனவே, சமயம் பழிக்குரியதா என்னும் வினாவுக்கு இவ்வாழ்க்கை தரும் விடையை இவ்வாறு கொள்ளலாம். இறையன்பு யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. இப்பெயர் எங்களுக்கே உரியது என்னும் உரிமைப் பற்றே இழுத்தது. அப்பற்றினை வளர்க்கும் நிலமாகச் சமயம் அமைந்துவிடுவதால் அதற்குப் பழியில் பங்கில்லை என்று சொல்லிவிடவும் இயலாது. அடிகளே அவ்வாறு சொல்லித் தம் பழைய சமயத்தைக் காக்க முற்படவில்லை.

கவிஞர்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. எது கவிதை, எவர் கவிஞர் என்று வழக்காடும் வேளைகளில் நாமும் ஒரு மருட்பாப் போரையே நடத்துகிறோம். அவ்வழக்கின் சூடு தணிந்த பின், வடலூர் அடுப்பின் சூட்டை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அங்கே வரிசையில் அமர்ந்தவரிடம் இன்றும் பெயரைக் கேட்பதில்லை, இலையைத்தான் விரிக்கிறார்கள்.