கடலில் மறைந்த டீசல்

லாரி, பஸ், டிராக்டர், தண்ணீர் இறைக்கும் பம்புசெட் எல்லாவற்றிலும் டீசல் என்ஜின் ஓடுகிறது. டீசல் என்றால் எண்ணெயின் பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள். முதலில் அது ஒரு மனிதரின் பெயர்!

ரூடால்ப் டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். தந்தை தோல் சாமான்கள் செய்து பிழைத்தவர். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. குடும்பம் பாரிசை விட்டு லண்டனுக்குப் போக நேர்ந்தது. 12 வயதுச் சிறுவனை மட்டும் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள்.

பிறகு மியூனிக் கல்லூரி. அங்கே பாடம் சொன்னவர் குளிர்சாதன எந்திரத்தால் புகழ் பெற்ற லிண்டே. நீராவி என்ஜினில் எரிக்கும் நிலக்கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்கு வேலைக்குக் கிடைப்பதே அரிது. மீதி எல்லாம் வீண்! இந்த நஷ்டம் டீசலின் மனதை உறுத்தியது.

சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பக்கம் சுடும். காற்றை அமுக்கினால் சூடு பிறக்கிறது. மிகப் பலமாக அமுக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைச் செலுத்தினால் தானே தீப்பற்றும். தீப்பொறி வேண்டாம். இதுதான் அவர் கண்ட வழி. சிறு பட்டறைக்காரர்களும் இதை வைத்துப் பிழைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

1893 ஆகஸ்டு 10-ந் தேதி ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை நடந்தது. எண்ணெய் பற்றியது. கூடவே அழுத்தம் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது! டீசல் மயிரிழையில் உயிர் தப்பினார். 1894 பிப்ரவரியில் என்ஜின் தன் சக்தியில் ஓடியது. எவ்வளவு நேரம்? ஒரு நிமிடம். மேலும் மூன்று ஆண்டு பாடுபட்டார். 1897-ல் எண்ணெயின் சக்தியில் 26 சதவீதம் வேலையாக மாறியது.

பணம் குவிந்தது; போட்ட முதலீடுகளில் கரைந்தும் போனது. வழக்குகளும் தலைவலியும் வாட்டின. 1913 செப்டம்பர் 29-ந் தேதி இரவு, இங்கிலாந்து செல்லும் கப்பலில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனார். காலையில் ஆளைக் காணோம். சில நாட்கள் கழித்துக் கடலில் ஓர் உடல் தென்பட்டது. சட்டைப்பையில் இருந்த பொருட்களைப் பார்த்து, தந்தையுடையவை என்றார் மகன். விழுந்தாரா, குதித்தாரா என்பது இன்றும் மர்மம்தான்.

எண்ணெயைக் காற்றால் ஊதிச் செலுத்தும் கனமான கருவி இருந்ததால், அவர் என்ஜின் காருக்கு ஒத்துவரவில்லை. ராபர்ட் பாஷ் கம்பெனியின் சிறிய எண்ணெய் பம்பு 1927-ல் வந்த பிறகே வழி பிறந்தது. 1936-ல் மெர்சிடிஸ் டீசல் கார் விற்பனைக்கு வந்தது. பழைய டீசல் கார் காலையில் கிளம்ப மறுத்துப் புகை கக்கினால், காற்று நன்றாக அமுங்குகிறதா, எண்ணெய் பூத்தூறலாக விழுகிறதா என்றுதான் மெக்கானிக் இன்றும் பார்க்கிறார்.