திரும்பி வந்த விமானம்

பெரியோர் வரலாறு கற்பிக்குங்கால் வெற்றிகளை மட்டும் அடுக்கிக் கூறுதல் எனக்கு உவப்பன்று. அவுஸ்திரேலிய விமானி சார்லஸ் கிங்ஸ்போர்ட் சிமித் 1897 இல் பிறிஸ்பேனிற் பிறந்தவர். 1928 இல் 'சதர்ன் குறொஸ்' என்னும் மூன்று எஞ்சின் விமானத்திற் பசிபிக் மாகடலைக் கடந்து உலகப் புகழ் எய்தியவர். ஆயினும், என் உள்ளத்தில் நிற்பது 1935 மே மாதத்தில் அவர் பயணம் முற்றாது திரும்பிய நாளே.

அன்று நியூசிலாந்து நோக்கித் தாஸ்மன் கடல்மீது செல்கையில், நடு எஞ்சினின் புகைக்குழாயிலிருந்து உடைந்த துண்டொன்று வலப்புறச் சுழல்விசிறியைச் சிதைத்தது. அவ்வெஞ்சினை நிறுத்திச் சிட்னியை நோக்கித் திரும்பினர். சரக்கினைக் கடலில் எறிந்தனர். சிறிது பொழுதில் இடப்புற எஞ்சினிலும் எண்ணெய் வற்றலாயிற்று. துணைவர் டெய்லர் வெளியே ஊர்ந்து, நின்ற எஞ்சினின் எண்ணெயைச் சிறு கலத்தில் வடித்து மற்றையதில் வார்த்தார். ஆறு முறை இவ்வாறு செய்தார். வார்க்கும்பொழுது சிமித் அவ்வெஞ்சினை அடக்குவார். விமானம் கடலை நோக்கித் தாழும். பின்னர் மீண்டும் உயர்த்துவார். மூவரும் சிட்னியில் உயிருடன் இறங்கினர்.

அவ்வாண்டு நவம்பரிற் சிமித் அந்தமான் கடற்பரப்பில் மறைந்தார். முந்திச் செல்வதே வீரமென எண்ணும் என் மாணாக்கர்க்கு நான் கூறுவது இதுதான்: உரிய வேளையில் திரும்புதலும், துணைவன் தொழில் முடியுமளவும் கை நடுங்காது காத்திருத்தலும் தலைவனுக்குரிய வீரமே.