கருங்காய் ஆடிய வங்காளத்து அந்தணர்

சதுரங்கம் என்று தமிழர் கூறும் ஆட்டத்தைத் தெலுங்கர் சதரங்கம் என்பர். கன்னடர் சதுரங்க என்பர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அடுத்தடுத்து ஒலிக்கும் இந்த ராமகுப்பம் வட்டாரத்தில் மூன்று சொல்லும் ஒரு பொருளையே குறிக்கும் என்பதை எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. ஆயின், இவ்வாட்டம் ஐரோப்பிய உடை உடுத்தி உலகெங்கும் உலவும் இந்நாளில், அதன் தொடக்க முறைகளில் ஒரு பெருங்குடும்பம் 'இந்தியத் தடுப்பு' என்ற பெயரைத் தாங்கி நிற்பதைப் பலரும் அறியார். அப்பெயர் பெரிதும் ஒரு மனிதரால் வந்தது. அவர்தாம் மகேஷ் சந்திர பானர்ஜி என்னும் வங்காளத்து அந்தணர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஆங்கிலேயர் ஒரு சதுரங்கச் சங்கம் நடத்தி வந்தனர். அதில் தமக்கு நிகரின்றி விளங்கியவர் ஜான் காக்ரேன். 1798-இல் பிறந்த ஸ்காத்லாந்துக்காரர், தொழிலால் பாரிஸ்டர். 1841 முதல் 1843 வரை விடுமுறையில் லண்டன் சென்றிருந்தபோது, புகழின் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த ஸ்டாண்டனோடு ஓயாது ஆடியவர். இத்தகைய ஒருவருக்குக் கல்கத்தாவில் எதிராளி கிடைப்பது அரிதாயிருந்தது.

1848-ஆம் ஆண்டளவில், சங்க உறுப்பினர் ஒருவர் நாட்டுப்புறம் சென்றிருந்தபோது, யாரிடமும் தோற்றறியாத அந்தணர் ஒருவர் உண்டெனக் கேள்வியுற்றார். அவரைத் தேடிப் பிடித்து ஆடிப் பார்த்தார். பின்னர்க் கல்கத்தாவுக்கு அழைத்து வந்து காக்ரேனுக்கு எதிரே அமர்த்தினார். பானர்ஜி தோற்றார். தோற்றதில் வியப்பில்லை. நம் நாட்டு முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டந்தான் செல்லும்; கோட்டை கட்டுதல் என்பதும் ஐரோப்பியர் வழக்கம். எதிராளியின் சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டுவதையும், ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவதையும் அவர் கண்டிராதவர். அந்தத் தோல்வியிலும் அவருடைய ஆற்றலைக் கண்டுகொண்ட சங்கத்தார் அவரை ஊதியம் கொடுத்து வைத்துக்கொண்டனர். ஊரை விட்டுப் பட்டணம் புகுந்து, பிறர் வகுத்த விதியைக் கற்று, அதைக் கொண்டே பிழைக்கும் நிலை எத்தகையது என்பதை நம் சங்கத்து அன்பர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுமோ? இரண்டே ஆண்டுகளில், காக்ரேனோடு சமமாக அமரத் தக்கவர் கல்கத்தாவில் அவர் ஒருவரே என்று லண்டன் சதுரங்க இதழில் செய்தி வெளியாயிற்று.

விதியை மாற்றிக்கொண்டாரே ஒழிய, ஆடும் பாங்கை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அக்கால ஐரோப்பியர், கருங்காய் ஆடுவோர் வெள்ளைக்கு நேர் எதிரே சிப்பாயை நிறுத்தி நடுக்கட்டங்களில் உடனே பங்கு கேட்பதே முறையெனக் கருதினர். பானர்ஜியோ நடுக்களத்தை வெள்ளைக்கு விட்டுக்கொடுப்பார். ராஜா பக்கத்துக் குதிரைமுன் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்துவார். அது விட்ட இடத்தில் மந்திரியை அமர்த்துவார். அங்கிருந்து அம்மந்திரி பலகையின் மூலைக்கு மூலை நெடுங்கோட்டை நோக்கிக்கொண்டிருக்கும். ஒரு கட்டச் சிப்பாயோடு வளர்ந்தவருக்கு இது இயல்பான பழக்கம். வெள்ளை தன் சிப்பாய்களைப் பரப்பி இறுமாந்திருக்கும் வேளையில், பக்கவாட்டிலிருந்து அவற்றைத் தகர்க்கத் தொடங்குவார். தகர்ந்தால் கறுப்புக்கு வெற்றி. தகராவிடில் மூச்சுவிட இடமின்றி நசுங்க வேண்டியதுதான். சமநிலை நாடுவோர்க்கு உகந்த வழியன்று இது.

1855-இல் நடந்த ஓர் ஆட்டம் வரலாற்றில் நிலைத்துவிட்டது. வெள்ளை ராணிமுன் சிப்பாயோடு தொடங்க, பானர்ஜி குதிரையை எடுத்தார். குதிரைமுன் சிப்பாயை ஒரு கட்டம் வைத்தார். மூன்றாம் நகர்வில் ராணிமுன் சிப்பாயை இரண்டு கட்டம் துணிந்து செலுத்தினார். சிப்பாயும் குதிரையும் வெட்டுண்ட பின், வெள்ளையின் நடுச்சிப்பாய்களைப் பக்கத்திலிருந்து மோதினார். அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1922-இல், ஆஸ்திரியரான எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் பெருமுறையில் கையாண்டு தம் பெயரை நிலைநாட்டிய தடுப்பு இதுவே. அன்று பானர்ஜி வென்றாரா எனில், இல்லை. காக்ரேன் தம் குதிரையை ராஜாவின் வாயிலுக்கே கொண்டு சென்று, ராணியைப் பலிகொடுத்து மூன்றே நகர்வில் முற்றுகையிடும் நிலையை எய்தினார்.

வேறோர் ஆட்டத்தில் நிலைமை தலைகீழ். வெள்ளை நான்கு சிப்பாய்களை முன்னே நிறுத்தி மிரட்டியது. பானர்ஜி தம் குதிரையை நடுச்சிப்பாய்க்கு விலையாகக் கொடுத்தார். பிறகு தம் ராணியையே வெட்டுக்கு விட்டுவைத்து, ஒரு சிப்பாயை எதிரியின் வீட்டு வாயில்வரை நடத்தினார். காக்ரேன் ராணியை எடுத்துக்கொள்ள, இவர் மந்திரியும் அவருடைய ராணியை எடுத்தது. புகை தெளிந்தபோது கறுப்பே மேலோங்கி நின்றது, ஆட்டமும் அவருடையதாயிற்று. அந்தத் தியாகம் கணக்குக்குச் சரிவராது என்று பிற்கால ஆய்வாளர் கூறுவர். இருக்கட்டும், எதிரே அமர்ந்து கணக்குப் பார்க்க வேண்டியவர் காக்ரேன் அல்லவா!

1848 முதல் 1860 வரை இருவரும் ஆடியவற்றுள் நூற்றுக்கணக்கானவை இன்றும் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றில் வென்றவர் காக்ரேனே. ஆயினும் அவற்றைக் குறித்து வைத்துப் பாதுகாத்தவரும் அவரே என்பதை மறக்கலாகாது. அந்தக் குறிப்புகள் இல்லையேல் பானர்ஜியின் ஆட்டத்தைப் பற்றி நமக்கு மிகுதியாகத் தெரிந்திராது. நான்காம் நகர்விலேயே குதிரையைக் கொடுத்துப் பாயும் ஒரு தாக்குதல் காக்ரேன் பெயரால் வழங்குகிறது. 1848-இல் அதை அவர் ஆடியதும் பானர்ஜிக்கு எதிராகவே. தாக்கியவருக்குத் தனிப்பெயர் கிடைத்தது. தடுத்தவருடைய முறைக்கோ நாட்டின் பெயர் வந்தது: 'இந்தியத் தடுப்பு' என்னும் சொல் 1884-இல் அச்சேறியது. ஐரோப்பியர் இம்முறையை இந்திய ஆட்டக்காரரிடமே கற்றனர் என்று 1934-இல் சார்ஜென்ட் என்னும் ஆங்கில ஆசிரியர் நேர்மையுடன் எழுதினார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சோவியத் வல்லுநர் பிரான்ஸ்டைனும், பின்னர் அமெரிக்கர் பிஷரும், அவருக்குப் பின் காஸ்பரோவும் கருங்காய்க்கு இம்முறைகளையே போர்க்கருவியாகக் கொண்டனர். 2010-இல் சோபியா நகரில் உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்தில், சென்னையில் வளர்ந்த நம் விசுவநாதன் ஆனந்த் தொபலோவுக்கு எதிரே கருங்காயோடு அமர்ந்தார். 1855-இல் பானர்ஜி ஆடிய அதே தடுப்பைத் தேர்ந்தார். கல்கத்தாவில் நேர்ந்ததே அங்கும் நேர்ந்தது. ஆனந்த் அன்று தோற்றார். பன்னிரண்டு ஆட்டம் முடிந்தபோது 6½-க்கு 5½ என்ற கணக்கில் பட்டம் அவரிடமே நின்றது.