கொசுவின் வயிற்றில் உண்மை கண்டவர்

புலியையும் பாம்பையும் கண்டு அஞ்சும் மனிதன், நகக்கண் அளவே உள்ள கொசுவைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் புலியும் பாம்பும் கொன்றவர்களைவிடக் கொசுவால் மாண்டவர்களே மிகப் பலர். அந்தக் கொசுவுக்கும் மலேரியாக் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை நம் இந்திய மண்ணிலேயே மெய்ப்பித்தவர் சர் ரொனால்டு ராஸ். பாடநூலில் ஒரே வரியில் நாம் படித்து முடிக்கும் அப்பெருமகனாரின் வாழ்க்கை, தூத்துக்குடியில் வாழும் நமக்கு மிகவும் வேண்டிய பாடமாகும்.

ராஸ் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை இந்தியப் படையில் அதிகாரி. எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்ட சிறுவனின் நாட்டமெல்லாம் கவிதையிலும் ஓவியத்திலுமே இருந்தது. தந்தையின் விருப்பத்திற்கு இணங்கியே மருத்துவம் பயின்றார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

1883இல் பெங்களூரில் பணியாற்றியபோது அவர் தங்கிய வீட்டில் கொசுத்தொல்லை மிகுந்திருந்தது. சன்னலருகே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. அதிகாரிகளின் உணவு விடுதியிலும் இவ்வாறே செய்யலாம் என்றார். அங்கிருந்த படை அலுவலர் இசையவில்லை. கொசு நோயைப் பரப்பும் என்பது அந்நாளில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே மலேரியாவுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பி வந்தனர்.

1880இல் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் நோயாளியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். அக்கிருமியைக் கொசு சுமக்கக்கூடும் என்ற கருத்தை 1894இல் இலண்டனில் பாட்ரிக் மான்சன் ராசிடம் எடுத்துரைத்தார். மறு ஆண்டே இந்தியா திரும்பிய ராஸ், செகந்திராபாத்தில் ஆய்வைத் தொடங்கினார். வெயிலிலும் புழுக்கத்திலும் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். 1897இல் உதகைக்கு அருகிலுள்ள சிகூர் பகுதிக்கு ஆய்வுக்காகச் சென்று, தாமே மலேரியாவில் விழுந்து எழுந்தார்.

உசேன் கான் என்னும் நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் பெற்றுக்கொண்டு தம் உடலைக் கொசுக்களுக்குக் கொடுத்தார். அவர் இரத்தத்தைக் குடித்த கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில், 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் ராஸ் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்நாளே இன்று உலகக் கொசு நாள். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடியின் வழியே பரவுவதைக் காட்டினார். மனித மலேரியாவை அனாபிலிஸ் கொசு பரப்புவதை இத்தாலிய அறிஞர்கள் மெய்ப்பித்தனர். 1902இல் நோபல் பரிசு ராசைத் தேடி வந்தது. உசேன் கானையும், கல்கத்தாவில் உதவியாளராக இருந்த முகமது பக்சையும் நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.

ஆய்வோடு ராஸ் ஓய்ந்துவிடவில்லை. 1902இல் சூயசுக் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவுக்குச் சென்று, தேங்கிய நீரை அகற்றும் வழி கூறினார். சில ஆண்டுகளில் அவ்வூரில் மலேரியா ஏறத்தாழ மறைந்தது. கொசுக்களை அடியோடு அழிக்கத் தேவையில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானே அடங்கும் என்பதைக் கணிதத்தாலும் நிறுவினார். 1932 செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனில் மறைந்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். தூத்துக்குடி நீர் வளம் குறைந்த ஊர். குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடம், டிரம், சிமெண்டுத் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறோம். நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு டிரம்மிலும், பழைய டயரிலும், கரையேற்றிய வல்லத்தில் தேங்கிய மழைநீரிலும் முட்டையிடுகிறது. துறைமுகங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கொசு வளராமல் காக்க வேண்டும் என்பது உலக நாடுகளின் சுகாதார விதி. அவ்வெல்லைக்கு அப்பால் காவல் நம் கையில்தான் உள்ளது.

ராஸ் தொட்டியைக் கவிழ்த்தார். எங்கள் தெருப் பெண்களால் அது எளிதில் இயலுமா? சென்ற மழைக்காலத்தில் ஒரு சிறுமி டெங்குவால் மருத்துவமனையில் இருந்தபோது, தண்ணீரைக் கொட்டச் சொன்ன பணியாளரிடம், சோறு பொங்க எங்கே போவது என்று என் அம்மா கேட்டார்கள். அக்கேள்வி நியாயமானதே. நான் டிரம்மில் நெளிந்த புழுக்களை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, வாயைத் துணியால் கட்டி வைத்தேன். சில நாட்களில் பாட்டிலுக்குள் கொசுக்கள் பறந்தன. பள்ளிக்கூடம் போகாத அம்மா அதைத் தெரு முழுவதும் காட்டினார்கள். இன்று எங்கள் தெரு டிரம்களின் வாயில் பழைய வேட்டித் துணி இறுகக் கட்டப்பட்டிருக்கிறது.

முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஏடிஸ் முட்டையோ பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பின்னும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை, தண்ணீர் தீரும் நாள் பார்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். கிணற்றில் புழு தின்னும் கம்பூசியா மீனை விடலாம்.

ராஸ் கண்ட உண்மைக்கு நுண்ணோக்கி தேவைப்பட்டது. அதன் பயனை நாம் பெற ஒரு முழத் துணியும் ஒரு தேங்காய் நாரும் போதும். கற்றவர்களாகிய நாம் இதை நம் தெருவுக்குச் சொல்லுவோமாக!